இருநூற்றுப் பன்னிரண்டு இடது கைகள்

கிடங்கில் மூட்டை தூக்குகிற இருநூற்றுப் பதினோரு பேருக்கு ஒரே நாளில் இடது கையில் இரண்டிரண்டு விரல் போய்விட்டது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. யாரும் வேலையை நிறுத்தவில்லை. சாயங்காலம் குழாயடியில் கை கழுவியபோது எல்லாருடைய விரலும் அதனதன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் விரல் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர் சொன்ன பிறகு கையில் விரல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

இந்தக் காரியத்தைச் செய்தவள் எடைமேடைக்கு மேலே மாடி அறையில் உட்கார்ந்து பதிவு ஏற்றுகிற பெண். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கூடப்பிறந்த அண்ணன் மேல் பாசம் வைத்தாள், அவ்வளவுதான்.

அந்த அண்ணன்தான் இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆள். கிடங்கில் அவனுக்கு எட்டு என்று பெயர். ஆறு வருஷத்துக்கு முன்னால் மூட்டை ஏற்றுகிற பெல்ட்டில் இடது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொடுத்துவிட்டு எட்டு விரலோடு வெளியே வந்தான். அன்றைக்கு பெல்ட்டை இருபது நிமிஷம் நிறுத்தினார்கள். அந்த நாளின் அறிக்கையில் 'எதிர்பாராத தாமதம்' என்று எழுதினார்கள். கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த முதல் நாளே கூட்டாளிகள் பெயர் வைத்துவிட்டார்கள். அவனும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

மூன்று விரலால் கொக்கி பிடித்து மூட்டையை இழுப்பது லேசான காரியம் இல்லை. இரண்டு மாசத்துக்கு முன்னால் பிடி நழுவி ஒரு மூட்டை ஜோடிக்காரன் பாதத்தில் விழுந்தது. இன்னொரு தடவை நழுவினால் வீட்டிலேயே இருந்துகொள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். வாசல் கேட்டில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது என்பது அந்த நேரத்தில் வந்த நல்ல சேதி. அங்கே இருந்த காவலாளிக்குக் கண் பார்வை மங்கி, வண்டி வருகிறதா போகிறதா என்றே சந்தேகம் வர ஆரம்பித்திருந்தது. கை ஊனமானவருக்குத்தான் அந்த வேலை என்று விதி. யார் கை ஊனமானவர் என்பதைப் புது சாஃப்ட்வேர் முடிவு செய்யும் என்பது புது விதி. டாக்டர் சீட்டு செல்லாது. கையைக் காட்டினாலும் செல்லாது. முதல் தேதி கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கிற பட்டியலில் பெயர் இருந்தால்தான் நாற்காலி.

ஆகவே தங்கச்சி கவனமாகத்தான் ஆரம்பித்தாள். அகர வரிசையில் அடுக்கியிருந்த காகிதக் கோப்புகளில் அடியில் கிடந்த அண்ணன் கோப்பை உருவி மேலே வைத்தாள். முதல் பதிவு அண்ணனுடையது. நாற்பத்தேழு கட்டம். தகப்பன் பெயர், விலாசம், ரத்த வகை, மேஸ்திரி, வேலைப் பிரிவு என்று ஒவ்வொன்றாக நிரப்பி, இரண்டாம் பக்கத்தைத் திறந்து, 'உடற்குறை' என்ற இடத்தில் இடது கை, இரண்டு விரல், எந்த விரல், எந்த வருஷம் என்று பிழையில்லாமல் ஏற்றினாள். இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். பதினோரு நிமிஷம் ஆனது.

பின்னாலேயே மேற்பார்வையாளர் வந்து நின்றார். காலை வணக்கம் சொன்னால்கூட "டார்கெட் என்னாச்சு" என்று பதில் சொல்கிறவர் என்பதால் அவருக்கு டார்கெட் என்றே பெயர். ஒரு பதிவுக்குப் பதினோரு நிமிஷமா, மூன்று நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு எப்படி முடியும் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் திரையின் அடியில் இருந்த நீல பட்டனை விரலால் தொட்டுக் காட்டினார். 'நகலெடுத்துச் சேர்' என்று அதில் எழுதியிருந்தது. அமுக்கினால் முந்தின பதிவு அப்படியே இன்னொன்றாக வந்து நிற்கும். பெயர், வயசு, அடையாள எண் மாதிரி ஆளுக்கு ஆள் மாறுகிற ஏழெட்டுக் கட்டத்தை மட்டும் திருத்தினால் போதும். கிடங்கு ஒன்று, மேஸ்திரி ஒருவர், வேலை ஒன்று. மூட்டை தூக்குகிறவனுக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் வித்தியாசம் என்ன இருந்துவிடப் போகிறது என்பது அந்த பட்டனைக் கண்டுபிடித்தவர்களின் எண்ணம். டார்கெட்டின் எண்ணமும் அதுதான்.

அவள் அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் பக்கம் மடங்கியே கிடந்தது. அதன் தலையில் 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை டிக் ஒன்று மின்னியது. பதிவு ஒன்றுக்கு நாற்பது வினாடி. இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டாள். டார்கெட் அவளுக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். பட்டியலில் அகர வரிசைப்படி முதலில் இருந்தவன் கோப்பை எடுத்து ஆரம்பித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவனுக்குப் பத்து விரலும் உண்டு.

அடுத்த வாரம் நாலு அட்டைப் பெட்டி வந்து இறங்கியது. பிரித்தால், இடது கைக்கு மூன்று விரல் வைத்துத் தைத்த கையுறை, இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி. வருஷக்கணக்காகச் சாதாரண கையுறை கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே போடாத தலைமை அலுவலகம் இதை மட்டும் ஆறே நாளில் தைத்து அனுப்பியிருந்தது. கூட்டாளிகள் ஆளுக்கொரு ஜோடியை மாட்டிக்கொண்டு, மிச்ச இரண்டு விரலை உள்ளே மடக்கி, அண்ணனைச் சுற்றி நின்றார்கள்.

"எட்டு, இனிமே இங்க யாரு எட்டு, யாரு பத்துன்னு எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?"

"அவன் தங்கச்சி நம்ம எல்லாரையும் அண்ணனா ஏத்துக்கிட்டா. சந்தோஷப்படு."

அண்ணனும் சேர்ந்து சிரித்தான். தங்கச்சிதான் மாடியில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் பக்கத்தை அப்போதுதான் திறந்து பார்த்திருந்தாள்.

சாயங்காலம் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஒரு கிடங்கில் அத்தனை பேருக்கும் ஒரே கையில் அதே இரண்டு விரல் எப்படி இல்லாமல் போகும் என்று கையுறை அனுப்பி முடித்த பிறகு யாரோ யோசித்திருக்கிறார்கள். டார்கெட் கொஞ்சமும் தடுமாறாமல் சர்வர் கோளாறு என்றார். சர்வருக்கு வாய் கிடையாது, அதனால் மறுத்துப் பேசவில்லை. அங்கே இருந்த சாஃப்ட்வேர்காரர் ஒரே கட்டளையில் எல்லாருக்கும் 'உடற்குறை இல்லை' என்று மாற்றிவிட்டார். நாலு வினாடிதான் ஆனதாம். உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியும் இத்தனை பேருக்கு இத்தனை சீக்கிரம் விரல் ஒட்டவைத்தது கிடையாது.

அண்ணனுக்கும் முளைத்துவிட்டது.

முதல் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. அண்ணன் மேலாளரின் அறைக்குப் போய்க் கையை மேஜை மேல் வைத்தான். தங்கச்சி கதவோரம் நின்றாள். மேலாளர் கையைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். திரையையே நம்பினார்.

"சிஸ்டம்ல பத்து இருக்கேப்பா."

"கையில எட்டுதான் சார் இருக்கு."

"கையை நான் அட்டாச் பண்ணி அனுப்ப முடியாதுல்ல."

அவர் கெட்டவர் இல்லை. விதியை எடுத்துப் படித்துக் காட்டினார். மொத்தமாகத் திருத்திய பதிவைத் தனியாகத் திருத்த முடியாது, பூட்டிவிட்டார்கள். பதிவு ஏற்றியவர் தப்பு எப்படி நடந்தது என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் பூட்டைத் திறப்பார்கள். சர்வர் கோளாறு என்று ஏற்கெனவே அறிக்கை போய்விட்டதால், அப்படி எழுத ஆள் யாரும் இல்லை.

வெளியே வந்ததும் டார்கெட் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். சர்வர் மேல் போட்டது அவளைக் காப்பாற்றத்தான் என்றும், அவள் தற்காலிகம் என்பதை மறந்துவிட வேண்டாம் என்றும், வாயைத் திறந்தால் அவளுடைய நாற்காலி போய்விடும் என்றும் சொன்னார். பட்டனைக் காட்டிய விரல் யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் அண்ணி இரண்டு பேருக்கும் தட்டு வைத்தாள். அண்ணன்தான் ஆரம்பித்தான்.

"எழுதிக் கிழுதிக் கொடுத்துடாத. வீட்ல ஒருத்தராவது உக்காந்து வேலை பாக்கட்டும்."

"அப்ப மூட்டை நழுவினா?"

"நழுவாது."

"போன தடவையும் இதைத்தான சொன்ன?"

அண்ணன் குனிந்து சாப்பிட்டான். அண்ணி அவன் இடது கையைப் பார்த்தாள், பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். அவ்வளவுதான். அவள் கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கேட்கவில்லை என்பதால் தங்கச்சிக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் அவள் கணினியைத் திறந்து எல்லாப் பதிவுகளின் நேரத்தையும் அச்சடித்தாள். ஒவ்வொரு பதிவும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று அதில் இருக்கும். முதல் பதிவுக்குப் பதினோரு நிமிஷம். மிச்சம் இருநூற்றுப் பதினொன்றுக்கும் நாற்பது வினாடி, முப்பத்தெட்டு வினாடி, நாற்பத்திரண்டு வினாடி. மேலாளரிடம் தாள்களை நீட்டினாள்.

"சர்வர் இல்ல சார், நான்தான். முதல் ஆளுக்கு மட்டும் பாத்து ஏத்தினேன். மத்ததெல்லாம் அதைப் பாத்து நகல் எடுத்தது. நகல்தான் பொய். முதல்ல உள்ளது நிஜம்."

"நகல் எடுக்கச் சொன்னது யாரு?"

பக்கத்தில் நின்ற டார்கெட் ஜன்னல் வழியே எடைமேடையை மிகுந்த அக்கறையோடு கவனித்தார். அவரை இழுத்தால் இது இரண்டு பேர் வாக்குவாதமாகும், விசாரணை என்று ஒரு மாசம் ஓடும், முதல் தேதி தாண்டிவிடும்.

"பட்டன் இருந்துச்சு சார். அமுக்கினேன்."

மேலாளர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கையைப் பார்த்து நம்பாதவர் நேரக் கணக்கைப் பார்த்து நம்பினார். அன்று சாயங்காலமே அண்ணனுடைய இரண்டு விரலும் முறைப்படி நீக்கப்பட்டன. முதல் தேதி பட்டியலில் ஒரே ஒரு பெயர் வந்தது.

தலைமை அலுவலகம் கடுமையாக நடவடிக்கை எடுத்தது. நகலெடுக்கும் பட்டனை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. பட்டனை எடுக்க ஆறு மாசம் ஆகும் என்பதால் அது அங்கேயே இருந்தது. சுற்றறிக்கையின் தலையில் வேறு ஏதோ கிடங்கின் பெயர் இருந்தது. முந்தினதைத் திறந்து திருத்தி அனுப்பியிருப்பார்கள்.

பதிவு ஏற்றிய பெண்ணை வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த அளவுக்கு அவர்கள் இரக்கமுள்ளவர்கள். தகரக் கொட்டகையின் கீழே நின்று, போகிற மூட்டையை எண்ணி நோட்டில் கோடு போடுகிற வேலைக்கு மாற்றினார்கள். அவளுடைய நாற்காலிக்கு வேறு கிளையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வேகத்துக்குப் பெயர் போனவள் என்று டார்கெட் எல்லாரிடமும் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் தங்கச்சி வாசலுக்கு வந்தபோது அண்ணன் கேட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வேலை நேரத்தில் உட்கார்ந்து பழகாத மனிதன் என்பதால் பாதி நாற்காலியில்தான் உட்கார்ந்தான். முன்னால் சின்னத் திரை. உள்ளே போகிறவர் எண்ணைத் தட்டினால் படமும் விவரமும் வரும். அவளுடைய எண்ணைத் தட்டினான். திரையைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். ஒரே வீடு, ஒரே தகப்பன் பெயர், ஒரே விலாசம். அவளைக் கொட்டகைக் கணக்கில் ஏற்றிய புதுப் பெண், அண்ணன் பதிவையே நகலெடுத்து வேலையை மிச்சம் பிடித்திருந்தாள்.

அண்ணன் முகத்தை அதிகாரி மாதிரி வைத்துக்கொண்டான்.

"இடது கையில ரெண்டு விரல் இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே. யாரைக் கேட்டு எடுத்துட்டு வந்த?"

"உன்னுதுதான். வீட்ல சும்மா கிடந்துச்சு."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூன்று விரலால் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்துவிட்டான். பின்னால் வரிசை நின்றது. உள்ளே கொட்டகையில் அவளுக்காக ஒரு ஜோடி கையுறை எடுத்து வைத்திருந்தார்கள். அவள் இரண்டு விரலை மடக்கி அதை மாட்டிக்கொண்டு, நோட்டைத் திறந்து, முதல் மூட்டைக்கு ஒரு கோடு போட்டாள்.