முழங்கால் துள்ளவில்லை

பெரு நாட்டின் சிக்லாயோ சந்தையில் கோழி வெட்டி விற்கும் எவுடோசியாவுக்குச் செவ்வாய்க்கிழமை பாதம் மரத்தது. புதன்கிழமை முழங்கால் மடிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு வைட்டமின் ஊசியைப் போட்டு, "எல்லாம் மனசுதான்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை எவுடோசியாவின் கொழுந்தனார், மெல்சோர் என்ற நாட்டு வைத்தியரைக் கூட்டிவந்தார். உயிரோடிருக்கும் கினிப்பன்றியை நோயாளியின் உடம்பெல்லாம் தேய்த்து, பிறகு அதை அறுத்து நோய் பார்க்கிறவர். மகள் நெலிடாவுக்கு அவரைக் கண்டாலே எரியும். மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்பு முடித்தவள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி. மெல்சோர் குடலைப் பார்த்தார், எவுடோசியாவின் தொடையைக் கிள்ளினார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது பயந்த கோளாறு இல்ல. பயம் இப்படிக் கால்லேருந்து மேல ஏறாது. என்னால ஆகாதும்மா. தூக்கிட்டு ஓடு."

வெள்ளைக் கோட்டுக்குத் தெரியாதது இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது! நெலிடா அம்மாவை ஆட்டோவில் ஏற்றினாள். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர்.

"மறுபடியுமா? ஓய்வு எடுக்கச் சொன்னேனே."

"ரெண்டு வாரம் முன்னாடி அம்மாவுக்கு வயித்துப்போக்கு. கோழிக் குடல்ல இருக்கிற கிருமியா இருக்கும். அதை அடிக்கக் கிளம்பின உடம்பு, அதே ஜாடையில இருக்கிற சொந்த நரம்பையும் சேத்து அடிக்குது. சுத்தியலால முழங்காலைத் தட்டிப் பாருங்க. நரம்பு கெட்டிருந்தா கால் துள்ளாது."

"நீ டாக்டரா?"

"இல்ல. நீங்கதான் டாக்டர். அதான் உங்களத் தட்டச் சொல்றேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். காவலாளி கிட்டே வந்தான். "கெளம்பும்மா, சத்தம் போடாதே."

நெலிடா அம்மாவிடம் குனிந்தாள். "கடையில ஒரே மூச்சுல கூவுவியே, அதைக் கூவு."

"இங்கயா? மானம் போகுதுடி."

"போகட்டும், கூவு!"

"நெஞ்சு, தொடை, இற..." அங்கேயே மூச்சு அறுந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தத் தொண்டையைத் தெரியாதவர்கள் அங்கே குறைவு.

"கேட்டுச்சா? முந்தாநாள்கூட எட்டு உருப்படியும் விலையும் ஒரே மூச்சுல சொன்னா. இப்ப நெஞ்சுக்கு ஏறிடுச்சு. அனுப்புறதுன்னா அனுப்புங்க. ஆனா தட்டிப் பாக்காமலே அனுப்பினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

டாக்டர் சுத்தியலை எடுத்தார். தட்டினார். கால் துள்ளவில்லை. மறு காலும் இல்லை. கணுக்காலும் இல்லை. அவர் உள்ளே திரும்பிக் கத்தினார்.

"தீவிர சிகிச்சைக்குத் தள்ளுங்க! செயற்கை மூச்சு எந்திரம் பக்கத்துலயே இருக்கட்டும்!"

எவுடோசியாவை ஏற்றிய சக்கரக் கட்டில் உருண்டது. "நீ வெளியில இரு" என்றார் டாக்டர் நெலிடாவிடம், குரல் தாழ்ந்து.

"நேத்து உங்க பேச்சைக் கேட்டு வெளியில போனோம். போதும்" என்றாள். கட்டில் கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல், அவளும் உள்ளே போனாள்.