பெட்டிக்குப் போன பெயர்

குத்துக்கல்வலசை முத்துச்செல்வத்தின் அக்காவுடைய பெயர், ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு அவளை விட்டுப் போனது. அன்றைக்குத் தென்காசியில் தேங்காய் கிலோ முப்பத்தெட்டு, சின்ன வெங்காயம் எழுபது. சாரல் விடியற்காலையிலிருந்தே விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அக்கா அப்போது வீட்டில் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கொசு எழுந்து பறந்ததுபோல இருந்தது என்றுதான் பிற்பாடு சொன்னாள். வலி ஒன்றும் இல்லையாம், அதனால் நீங்கள் பயப்பட வேண்டாம். இந்தக் கதையில் அவளை அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். வேறு வழியில்லை, நாலைந்து பேனாவில் எழுதிப் பார்த்துவிட்டேன், அவள் பெயர் தாளில் விழ மாட்டேன் என்கிறது.

முத்துச்செல்வம் அவளைவிடப் பதினான்கு வயது இளையவன். தாய் தகப்பன் போன பிறகு பீடி சுற்றியே அவனை இன்ஜினீயரிங் வரைக்கும் படிக்க வைத்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை. அவனும் கடையநல்லூர் ஹுஸைஃபாவும் மாடி அறையில் மூன்று வருஷம் உட்கார்ந்து, இட்லி அளவில் பேசும் பெட்டி ஒன்று செய்தார்கள். மகன் போலீசில், பட்டாளத்தில், சவூதியில் என்று போய்விட, தனியாகக் கிடக்கிற வயசாளிகளுக்கான பெட்டி அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முழித்துக்கொள்ளும். மாத்திரையை ஞாபகப்படுத்தும், மகனுக்கு போன் போட்டுக் கொடுக்கும், கரண்ட் போய்த் திரும்ப வந்தால் இன்னார் இங்கே இருக்கிறேன் என்று தானாகவே தைரியம் சொல்லும். பேசுகிற குரல் மதுரையில் ஒரு பெண்ணுடையது. எல்லாம் அமைந்தது, பெயர்தான் அமையவில்லை. பெயர் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் நூற்று நாற்பது பெயர் அனுப்பினார். அதில் நூற்று முப்பத்தொன்பதை ஏற்கெனவே யாராவது பதிந்து வைத்திருந்தார்கள். மிஞ்சிய ஒன்று எந்த பாஷையிலும் சேராதது. வயசாளிகள் வாயில் அது வெறும் காற்றாக வந்தது, பெட்டி முழிக்கவில்லை.

"பல்லு இல்லாத வாயிலயும் வரணும் மச்சான். அதான் நமக்குப் பேரு" என்றான் ஹுஸைஃபா.

அந்த வாரமே பக்கத்து வீட்டு ஷமீம் பானுவின் மாமியார் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அக்காவைக் கூப்பிட்டார். தொண்ணூறு வயசு, வாயில் ஒரு பல் கிடையாது. இரண்டே எழுத்து, மாடி வரைக்கும் கணீரென்று கேட்டது. மாடியில் நண்பர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பணம் போட்டவர்கள் பெங்களூர்ப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இழுபறி ஒரு மாதம் போனது. முத்துச்செல்வத்தின் வீட்டில் கிணறு வெட்டுவது, பெண் எடுப்பது எல்லாமே ஊர் எல்லை இசக்கியம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்துத்தான் வழக்கம். இதையும் அங்கேயே கேட்டுவிடலாம் என்று போனான். வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்புப் பூ ஒரு இலையில், பிரித்தறிய முடியாதபடி கட்டி வைத்தார் பூசாரி பிச்சையா.

"சேப்புப் பூ எதுக்குலே?"

"வெள்ளை வந்தா பெங்களூருப் பேரு சாமி. சேப்பு வந்தா எங்க அக்கா பேரை அந்தப் பெட்டிக்குக் குடுத்திருதேன்."

"அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"அவ என்ன சொல்லப் போறா? சந்தோசந்தான் படுவா."

"இங்கன நேந்து குடுத்தது வீட்டுக்குத் திரும்பாது. கோழின்னாலும் சரி, குத்துவிளக்குன்னாலும் சரி. தெரியும்லா?"

தெரியும் என்றான். செருப்புகளுக்குக் காவலாக வெளியே நின்ற ஹுஸைஃபா, "மச்சான், ஒரு போனு போட்டுக் கேட்டிருவோமே, ரெண்டு நிமிசம்" என்றான். அங்கே டவர் கிடைக்கவில்லை என்று முத்துச்செல்வம் கையை விரித்தான். வீடு நடந்தால் எட்டு நிமிஷம். சாமி கும்பிட வந்திருந்த யாருடைய பிள்ளையோ, மூன்று வயசுப் பெண் குழந்தை, ஒரு இலையை எடுத்து நீட்டியது. சிவப்பு. அம்மன் வாக்கு என்றதும் பணம் போட்டவர்களும் மசிந்தார்கள், பெட்டிக்குக் கோமு என்று பெயரானது.

வித்தியாசம் முதலில் ஷமீம் பானுவுக்குத்தான் தெரிந்தது. பதினொரு மணிக்கு நூல் கேட்க வந்தவள் வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது. தொண்டையைத் தடவிக்கொண்டு, "என்னன்னு தெரியல, சளி கட்டுது" என்றாள். மறுநாள் பீடிக் கம்பெனியில் கணக்கப்பிள்ளை உச்சிமாகாளி வழக்கம்போலப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அக்காவின் வரிசை வந்ததும் இருமினார், அடுத்த வரிக்குப் போய்விட்டார். எல்லாரும் கட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு தலையைத் தூக்கி, "யாரு மிச்சம்?" என்று கேட்டார். அக்கா எழுந்து போனாள். அன்று முதல் அவளைக் கூப்பிடுவது அப்படித்தான். ஆதார் அட்டையில் படம் இருந்தது, பிறந்த தேதி இருந்தது, பெயர் இருந்த இடம் ஈரத்துணியால் துடைத்த பலகை மாதிரி இருந்தது. ரேஷன் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கைரேகை விழுதுல்லா, போதும்" என்று அரிசியை நிறுத்துப் போட்டார். சங்கரன்கோவில் வரைக்கும் கோமு என்று கூப்பிடுகிற கோமதிகள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பெயரை யாரும் கோயிலில் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

முத்துச்செல்வத்துக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. தம்பிமார் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் நம்மிடம் இல்லை அல்லவா? பிறந்ததிலிருந்து அவன் அந்தப் பெயரை அவளைப் பார்த்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவன் எப்போதும்போல, "அக்கா, காப்பி" என்றான். அவளும் எப்போதும்போலக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பெட்டி நன்றாகவே ஓடியது. ஒரே வருஷத்தில் சிவகிரியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் வயசாளி உள்ள வீட்டில் எல்லாம் அது வந்துவிட்டது. காலையில் அக்கா பீடித்தட்டோடு தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு கோமு, கோமு என்று கூப்பிடுகிற சத்தம். முதலில் ஒவ்வொரு வாசலிலும் நின்று திரும்பிப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். கோபமாக இருந்தாளா என்றால், இல்லை, தம்பி முன்னுக்கு வருகிறானே என்றுதான் இருந்தாள்.

மறு வருஷம் ஆடியில் பீடிக்காரப் பெண்கள் இருபது பேர் வேன் பிடித்துக் குற்றாலம் போனார்கள். மெயின் அருவியில் நல்ல கூட்டம். மதியம் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்தில் இறங்கியது, போலீஸ்காரர்கள் விசில் ஊதினார்கள். பெண்கள் பக்கம் நின்றவர்கள் அவரவர் ஆட்களைப் பெயர் சொல்லி அலறினார்கள். பெயர் காதில் விழுந்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். அக்கா அருவிக்கு நேர் கீழே கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். ஷமீம் பானு கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். வரவில்லை. மறுபடி திறந்தாள், தொண்டை நரம்பு புடைத்ததுதான் மிச்சம். "ஏட்டி! ஏட்டி!" என்று கத்தினாள். சுற்றியிருந்த அத்தனை பெண்களும் திரும்பினார்கள், அவள் மட்டும் திரும்பவில்லை. மேலேயிருந்து வந்த மரத்துண்டு அவள் வலது கையை நசுக்கிவிட்டுப் போனது. உயிர் தப்பினாள். ஆனால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. பீடி சுற்றுகிறவளுக்கு மற்ற மூன்று விரல் இருந்து என்ன செய்ய?

பூக்கட்டிப் பெயரைக் கொடுத்த கதை அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அக்கா கட்டுப்போட்ட கையோடு பிச்சையாவிடம் போனாள். என் பேரு எனக்கு வேணும் சாமி என்றாள். பிச்சையா அந்தக் கட்டின்மேல் திருநீறு பூசினார். பிறகு, "ஒரே வழிதான் இருக்கு தாயீ. குடுத்தவன் வந்து, தன் பேரை இங்கன வச்சுட்டு ஒன் பேரை எடுக்கணும்" என்றார்.

அதற்குள் ஹுஸைஃபா பங்கை விட்டுவிட்டு துபாய்க்கு வேலைக்குப் போயிருந்தான். போகும்போது ஷமீம் பானுவிடம், "நான் அன்னைக்கு அந்த எட்டு நிமிசம் நடந்து வந்திருக்கணும் மாமி" என்று மட்டும் சொன்னானாம். முத்துச்செல்வம் பெங்களூரில் இருந்தான். அக்கா போனில் விஷயத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றான், வரவும் செய்தான். கார் கோயில் வாசலில் நின்றது. அக்கா உள்ளே பூ இலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வாசலுக்கு வெளியிலேயே நின்றான், ஷூவைக் கழற்றவில்லை.

"அக்கா, எல்லாம் என் பேருலதான் இருக்கு. பேங்க்லயும் கம்பெனியிலயும் நான்தான் கையெழுத்து. பேப்பர்ல எல்லாம் பேரு வந்திட்டு. பேரு இல்லாம ஒரு மனுசன் எப்படிக்கா நிக்க முடியும்?"

"நான் நிக்கேம்லா?" என்றாள் அக்கா.

பிச்சையா மணியை எடுத்தவர் அடிக்காமல் கீழே வைத்தார். அக்கா, "சின்னப் பிள்ளையில ஒனக்குக் காய்ச்சல் வந்தா ராத்திரி பூரா ஒன் பேரைச் சொல்லிச் சொல்லித்தாம்லே தட்டிக் குடுப்பேன். அதையா நீ எனக்காக இங்கன வச்சிட்டுப் போவ? சரி, போ. சாரல் கூடுது, நனையாத" என்றாள். அவன் போனான். கார் திரும்புவதற்கு இடம் போதாமல் மூன்று தரம் முன்னும் பின்னும் போய்த்தான் திரும்பியது. அதுவரைக்கும் அக்கா பூவை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருஷம் வெளியூரில் ஒரு பெரிய கம்பெனி பெட்டியை வாங்கியது. வாங்கியவர்கள் தங்கள் பெயரில் வேறு பெட்டி விற்றார்கள், பழையதை நிறுத்திவிட்டார்கள். முத்துச்செல்வம் கடிதம் போட்டு, அந்தப் பெயரையாவது திருப்பித் தர முடியுமா என்று கேட்டானாம். பெயர் விற்பனைக்கு இல்லை, நாங்களும் அதைப் பயன்படுத்தப் போவதில்லை என்று பதில் வந்தது. அது எங்கோ ஒரு பீரோவில் இருக்கிறது. அதன் பதிவை மட்டும் வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்கள்.

பழைய பெட்டிகள் மைதீனின் பழைய இரும்புக் கடையில் குவிந்தன. அவற்றுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது, கரண்ட் போய் வந்தால் சொல்கிற ஒரு வரியைத் தவிர. மைதீன் ஒன்றைத் துடைத்து அக்காவிடம் கொடுத்தார். "வச்சுக்கிடுங்க. ஒங்களுக்கு உள்ளதுதான" என்றார். அக்கா இப்போது இடது கையால் இலை நறுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள், ஷமீம் பானு சுற்றுகிறாள். போன தேர்தலில் பட்டியலில் இரண்டு பெயருக்கு நடுவே ஒரு வெற்று வரி இருந்தது. பூத்தில் இருந்தவர் அந்த வரியில் ஒரு கோடு போட்டு, இடது கை விரலில் மை வைத்து அனுப்பினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. மாதம் ஒருநாள் காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரைக்கும் கரண்ட் இருக்காது. சரியாக இரண்டு மணிக்கு மின்விசிறி சுற்ற ஆரம்பிக்கும், அலமாரியில் பச்சை விளக்கு எரியும், மதுரைப் பெண்ணின் குரல், "நான் கோமு. இங்கனதான் இருக்கேன்" என்று சொல்லும்.

அக்கா இலையிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

"சரி, இரி" என்பாள்.