வாய் தூக்கிய துப்பாக்கி

எண்பத்தேழு மார்ச்சில் குப்புராஜ் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை என் மேஜையில் வைத்தான். தாம்பரத்தில் துப்பாக்கி ரிப்பேர் என்றால் இந்த ஞானையாதான். குப்புராஜுக்கு மாடம்பாக்கம் பக்கம் ஒரு கல்குவாரி. துப்பாக்கி லைசென்ஸ் சுத்தம், ஆள்தான் அசுத்தம்.

"கொழா வாய் தொங்குதுண்ணா. தூக்கிப் புடிச்சிகினே சுட வேண்டியதா கீது. புதங்கெயமைக்குள்ள சரி பண்ணிக் குடு."

"இன்னா அவசரம்?"

"ஏசுபாதம்னு ஒரு பேமானி. வெள்ளிக்கெயம கோர்ட்ல என் மேல சாட்சி சொல்லப் போறான். சொல்ல உட மாட்டேன்."

ஏசுபாதம் என் தங்கை அருள்மேரியின் புருஷன். அது குப்புராஜுக்குத் தெரியாது.

அன்றைக்கே ராஜகீழ்ப்பாக்கத்தில் தங்கை வீட்டுக்கு ஓடினேன். "குவாரி வெடியில ரெண்டு பேர் செத்தத என் கண்ணால பாத்தேன் மச்சான். சொல்லாம இருக்க மாட்டேன்" என்றார் ஏசுபாதம். ஒரே பிடிவாதம். போலீஸுக்குப் போனேன். வாசலில் குப்புராஜின் ஜீப், உள்ளே அவன் சிரிப்பு. திரும்பிவிட்டேன்.

தோட்டாவைத் தட்டுகிற ஊசியை உடைத்துவிடலாம். ஆனால் விசையை இழுத்துப் பார்க்காமல் எடுத்துப்போகிற ஆளில்லை அவன். வேறு வழி யோசித்தேன்.

குழல் மடங்குகிற கீலுக்கு அடியில் விரலை வைத்தால், நல்ல துப்பாக்கி தராசு முள் மாதிரி நிற்கும். இது முன்பக்கம் கவிழ்ந்தது. தோளில் பதிகிற பின்கட்டையில் துளைபோட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஈயம் இறக்கினேன். நின்றது. அழகாக நின்றது. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதற்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வழக்கமாக இதற்குப் பிறகு சொந்தக்காரரை ஐம்பது முறையாவது தோளில் ஏற்றி இறக்க வைப்பேன். பழைய கனத்துக்குப் பழகிய கை, புதுக் கனம் தெரியாமல் வாயை மேலே தூக்கிவிடும். குப்புராஜிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. அவசரத்தில் குண்டு தலைக்கு மேலே போய்விடும் என்று நம்பினேன். புதன்கிழமை வந்து இரண்டு விசையையும் இழுத்துப் பார்த்தான். "பூ மாதிரி கீதுண்ணா" என்று எடுத்துப்போனான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. ஏசுபாதம் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்ச்சாரியில் ஜீப்பிலிருந்து குதித்த குப்புராஜ், குதித்த வேகத்திலேயே இரண்டு குழலையும் காலி செய்தான். இரண்டும் ஏசுபாதத்தின் தலைக்கு ஒரு சாண் மேலே போயின.

அவருக்குப் பின்னால் மாடிப்படி. துவைத்த துணியோடு ஆறாவது படியில் ஏறிக்கொண்டிருந்தாள் அருள்மேரி. தொண்டை பிய்ந்து, வாளியோடு உருண்டு அவர் காலடியில் விழுந்தாள். ஏசுபாதம் பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கினார். கட்டையாலேயே குப்புராஜின் வாயில் குத்தினார். பல்லெல்லாம் உதிர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்ததால் குப்புராஜ் உயிரோடு ஜெயிலுக்குப் போனான். துணியெல்லாம் என் தங்கையின் ரத்தம்.

கல்லறையில் மண் போட்ட பிறகு ஏசுபாதம் என் தோளில் சாய்ந்து அழுதார்.

"கர்த்தர் எனக்கு வந்த குண்ட மேல திருப்பி உட்டாரே மச்சான். அவள ஏன் பாக்கல?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை.

"கர்த்தர் திருப்பல மாப்ள. நான் திருப்புனேன்."

அவர் என் தோளிலிருந்து தலையை எடுத்தார்.