இரண்டு வஞ்சிரம்

ஏப்ரல் பாதி தாண்டினால் சிங்தாவ் நகரத்து மாமனார்களுக்கு நடையில் ஒரு மிடுக்கு வந்துவிடும். வஞ்சிரம் கரைக்கு வரும் காலம் அது. பெண்ணைக் கட்டியவன் நல்ல பெரிய மீனாகப் பார்த்து வாங்கி, வாலில் சிவப்பு நாடா கட்டி, மாமனார் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் பஸ்ஸிலும் மாடிப்படிகளிலும் மீன் வாடையோடு மருமகன்கள் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

லுவான் ஷௌயி அந்த வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அறுபத்தொன்பது வயது. பழைய துறைமுகத்தில் கரைக்கு வரும் கப்பல்களின் கயிற்றை வாங்கிக் கட்டும் வேலையை முப்பத்தோரு வருஷம் பார்த்தவர். மனைவி போய்ப் பதினான்கு வருஷம். ஒரே மகள் சூச்சின் போய் இரண்டு வருஷம். வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்த ஐந்தாம் மாதம் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. மருமகன் பெய்யுவான் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், புதுத் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். மகள் போன பிறகும் இரண்டு வசந்தத்திலும் அவன் மீனோடு வந்தான். இரண்டு பேரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இந்த ஜனவரியில் அவன் போன் செய்தான்.

"மாமா, ஒரு விஷயம். நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

"நல்லது. முப்பத்தாறு வயசுல எத்தன நாளைக்குத் தனியாக் கெடப்ப?"

"நேர்ல வந்து சொல்லியிருக்கணும்."

"அதான் சொல்லிட்டியே."

அதற்குப் பிறகு போன் வரவில்லை. இனி அவனுக்கு வேறொரு மாமனார் இருப்பார், மீன் அந்த வீட்டுக்குத்தான் போகும், அதுதான் முறை என்று லுவான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிச் சொல்லிப் பார்த்தும் மனசு கேட்கவில்லை.

இரண்டாம் மாடி ஹாவ் அக்கா ஒரு காலை அவரைப் படியில் மடக்கினாள். வாய் ஓயாத மனுஷி.

"என்ன லுவான் அண்ணே, உங்க மாப்ள மீன் வந்தாச்சா? எங்க வீட்டுல இவரு மூணு நாளா ஜன்னலையே பாத்துட்டு நிக்கிறாரு, ஏதோ மந்திரி வர்ற மாதிரி."

"வந்தாச்சு. நேத்தே வந்துடுச்சு."

"அப்போ மீன் கொழுக்கட்ட போடுறப்ப எனக்கு ஒரு தட்டு. போன வருஷம் மறந்துட்டீங்க."

"தர்றேன், தர்றேன்."

பொய் சொல்லியாயிற்று. பக்கத்துச் சந்தையில் வாங்கினால் தெரிந்தவர்கள் கண்ணில் படும். எனவே இரண்டு பஸ் மாறி, நகரத்தின் வடக்கே ஒரு சந்தைக்குப் போனார். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து கட்டடங்களின் மேல்பாதியை விழுங்கியிருந்தது. துறைமுகப் பக்கம் எச்சரிக்கைச் சங்கு விட்டுவிட்டு ஊதியது.

மீன்காரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "யாருக்குப் பெரியவரே? இந்த வயசுல உங்களுக்கு மாமனார் இருக்காரா?"

"இருக்காரு. தொண்ணூத்தஞ்சு. பல்லு மட்டும் இல்ல."

அவள் சிரித்துக்கொண்டே நாலு கிலோ மீனைத் தூக்கிக் கொடுத்தாள். சிவப்பு நாடாவையும் அவளே கட்டினாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பி நாலாம் மாடி ஏறியபோது மூச்சு வாங்கியது. கதவுக்கு முன்னால் படியில் பெய்யுவான் உட்கார்ந்திருந்தான். காலடியில் ஒரு வஞ்சிரம். எழுந்தவன் அவர் கையைப் பார்த்தான். இரண்டு மீனிலும் சிவப்பு நாடா.

"இது யாருக்கு மாமா?"

லுவானுக்கு முகம் சுட்டது. "உன் புது மாமனாருக்குத்தான். நீ வந்தா கொடுத்தனுப்பலாம்னு வாங்கினேன்."

"அவருக்கா?" அவன் குரல் தணிந்தது. "அவர் உயிரோட இல்ல மாமா. அவளுக்கு நாலு வயசு இருக்கறப்பவே போயிட்டாரு. இந்த மீனைப் பொறுக்கி எடுத்ததே அவதான். செவுளைத் திறந்து பாத்து, மூணு கடை ஏறி எறங்கி..."

லுவான் கதவைத் திறந்தார். இரண்டு மீனையும் சமையல் தொட்டியில் போட்டார். ஒன்று பெரிது, ஒன்று இன்னும் பெரிது.

"அவ எங்க?"

"கீழ வண்டிக்கிட்ட நிக்கிறா. மேல வரட்டுமான்னு உங்களக் கேட்டுட்டு வரச் சொன்னா."

சுவரில் சூச்சின் படம் இருந்தது. அவள் செருப்பு கூட இன்னும் கதவோரம் இருந்தது. லுவான் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"இன்னிக்கு வேண்டாம்ப்பா."

"சரி மாமா."

"கோவிச்சுக்காத."

"இதுல என்ன கோவம்."

அவன் தேநீர்கூடக் குடிக்காமல் இறங்கினான். லுவான் ஜன்னலுக்குப் போனார். பனியில் வண்டி சாம்பல் திட்டாகத் தெரிந்தது; அதன் பக்கத்தில் குட்டையாக ஒரு பெண், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு. பெய்யுவான் ஏதோ சொன்னான். அவள் தலையாட்டினாள். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தாள். எந்த ஜன்னல் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. லுவான் கையைத் தூக்கினார். அதற்குள் அவள் குனிந்து வண்டியில் ஏறிவிட்டாள்.

மீன்களின் தோலை உரித்து, முள்ளெடுத்து, சதையைக் கொத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண்ணின் பேரைக்கூடக் கேட்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. கத்தியை வைத்துவிட்டுப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. கடலுக்கடியில் சுரங்கச் சாலையில் போய்க்கொண்டிருப்பார்கள். கால்மணி நேரம் கழித்து மறுபடி போட்டார். பெண் குரல் எடுத்தது.

"அவர் வண்டி ஓட்டுறாருங்க."

"பரவால்ல. நான் லுவான். உம் பேரு என்னம்மா?"

"யிங்ஹோங்."

"ம்." அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை. "மீன் நல்லா இருந்துச்சு."

"அதுக்குள்ள சாப்பிட்டீங்களா?"

"இல்ல. பாத்தாலே தெரியுதே."

அவள் மெல்லச் சிரித்ததுபோல் இருந்தது. "அடுத்த வாரமும் வஞ்சிரம் வரும், மாமா" என்றாள். மாமா என்ற அந்தச் சொல்லைக் கேட்டு அவர் போனைக் காதில் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வா என்று சொல்ல நினைத்தார். "பனி அதிகமா இருக்கு, மெதுவாப் போகச் சொல்லு" என்றுதான் வந்தது.

சாயங்காலம் வரை உட்கார்ந்து கொழுக்கட்டை பிடித்தார். வெங்காயத்தாள், கொஞ்சம் பன்றிக் கொழுப்பு, மீன். தட்டுத் தட்டாக அடுக்கினால் நூற்றுப்பத்து. ஹாவ் அக்காவுக்கு ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் நின்றபடியே ஒன்றை வாயில் போட்டு, "உப்புக் கம்மி அண்ணே" என்றாள்.

திரும்பி வந்து தனக்குப் பதினைந்து வேகவைத்தார். ஒன்பதுதான் இறங்கியது. மீதியை மாவு தூவிப் பைகளில் கட்டி உறைபெட்டியில் வைத்தார். இடம் போதவில்லை, பழைய பொட்டலங்களை எடுத்து வெளியே போட்டு, அடுத்த வாரத்து மீனுக்கும் சேர்த்து இடம் பண்ணினார்.