கன்னி மூலையில் வைத்த பொட்டி

குவைத்திலிருந்து இரண்டு வருஷம் கழித்து சத்தியவேட்டுக்கு வந்த மறுநாள் காலை, என் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுப் போட்டேன். குரல் வந்தது, வயலின் வந்தது. அடியில் வரவேண்டிய முழக்கத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். அந்த முழக்கத்துக்கென்றே இருக்கும் பேஸ் ஸ்பீக்கர் பொட்டி இடம் மாறியிருந்தது.

போன லீவில் திருப்பதியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பொட்டி அது. மூலையில் வைத்தால் சத்தம் குழம்பும் என்று கடைக்காரர் தெலுங்கில் படித்துப் படித்துச் சொன்னார். கனமான சாமான் கன்னி மூலையில்தான் இருக்கணும், எங்கள் வீட்டில் பீரோவும் அரிசி டிரம்மும் அங்கேதான் என்று சொல்லி, நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. முகப்பில் சந்தனம் குங்குமம் வைத்து, தென்மேற்கு மூலையில் இறக்கினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் ஆடியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது அது கிழக்குச் சுவரோரம், ஒரு ரப்பர் துண்டின் மேல் இருந்தது. கூட்டிப் பெருக்கும்போது நகர்த்தியிருக்கலாம். ஆனால் பின்பக்கம் பார்த்தேன். சத்தத்தின் திருகு பாதிக்குக் கீழே. பக்கத்துத் திருகும் மாறியிருந்தது. அதற்கும் கீழே, எதற்கென்றே தெரியாமல் நான் தொடாமல் விட்ட சின்ன ஸ்விட்ச் எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தது. துடைப்பம் பட்டு அந்த ஸ்விட்ச் மாறாது. விவரம் தெரிந்த கை.

என் மனைவி சுந்தரி பால் வாங்கப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு லட்சுமம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா செங்கல்வராயா, வந்ததும் பாட்டா? முன்ன மாதிரி எங்கூட்டு ஜன்னல் ஆடல பாத்தியா? ஒம் பொண்டாட்டி பொட்டிய அடக்கி வெச்சிக்கீறா. ஒன்னிய மாதிரியே."

சிரித்தேன். "யாரு வந்து சரி பண்ணாங்க அத்த?"

"ஒங்கூட்டுக்கு யாரு வராங்க யாரு போறாங்கன்னு நானு காவல் காத்துகினா கீறேன்?" என்று தலையை இழுத்துக்கொண்டாள்.

நான் டிரைவர். வண்டியில் ஏறியதும் கண்ணாடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தால், எனக்கு முன்னால் ஓட்டியவன் நெட்டையா குட்டையா என்று தெரிந்துவிடும். இதையும் அப்படித்தான் பார்க்க நினைத்தேன்: எங்கே நன்றாகக் கேட்கிறதோ, அங்கே உட்காருகிற ஆளுக்காக வைத்தது. பாட்டை ஓடவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு அறை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கட்டிலில் முழக்கம் மங்கல். ஜன்னலோரம் இரைச்சல். எவனோ என் நாற்காலியில் சாய்ந்து பாட்டுக் கேட்டிருக்கிறான் என்ற நினைப்பு அப்போதே ஆட்டம் கண்டது. அங்கே முழக்கமே கேட்கவில்லையே.

கடைசியில் சமையலறை வாசற்படியில் குந்தினேன். அடி அடியாக, உருண்டையாக, நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. பக்கத்தில் அரிவாள்மணை. சுவரில் செல்போன் சார்ஜர். ராத்திரி வீடியோ கால் எடுக்கும்போது சுந்தரியின் பின்னால் தெரியும் அதே பச்சைச் சுவர்.

எவனோ தனக்காகச் செய்திருந்தால் அவனை இரண்டு வசவோடு விட்டிருப்பேன். அவள் எங்கே உட்காருவாள் என்று பார்த்துச் செய்திருக்கிறான்.

சுந்தரி பால் பாக்கெட்டோடு வந்தவள், நான் குந்தியிருந்த இடத்தைப் பார்த்து நின்றாள்.

"பொட்டிய யாரு மாத்துனது?"

"நாந்தான் மாமா."

"பின்னால கீற ஸ்விட்சு?"

"அதுவும் நாந்தான்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

பாலை அடுப்பு மேடையில் வைத்தாள். "ஸ்ரீ சிட்டில ஸ்பீக்கர் கம்பெனிக்குப் போய்க்கினு கீறேன். பொங்கல்லேர்ந்து. பொட்டிங்க வர்ற லைன்ல டெஸ்டிங். ஒங்கிட்ட சொன்னா வாணாம்னுவே."

பொங்கலிலிருந்து. தினம் ராத்திரி பேசியிருக்கிறோம். துன்னியா, தூங்குனியா, மழை பெய்ததா என்று எல்லாம் பேசியிருக்கிறோம்.

"லைன்ல இதெல்லாம் கத்துக் குடுப்பாங்களா?"

"சொன்னாங்க."

"யாரு?"

"லைன்லதான் மாமா."

அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. "என் நாற்காலிக்கு ஏன் வெக்கல?"

"அதுல யாரு ஒக்கார்றாங்க? ரெண்டு வருசமா சும்மாத்தான் கீது."

இனி கேட்க வேண்டியது ஒன்றுதான். கேட்டால் அதோடு இந்த வீடு வேறு வீடாகிவிடும் என்று தெரிந்தது. "இப்ப நான் வந்துட்டேன் இல்ல? எனக்கு வெய்யி" என்றேன்.

புடவையைத் தூக்கிச் செருகினாள். என்னைக் கூப்பிடாமல், பொட்டியை மார்போடு அணைத்துத் தூக்கி என் நாற்காலியில் வைத்தாள். பாட்டைப் போட்டாள். பிறகு கையை ஊன்றி, முட்டி போட்டு, சுவரோரமாகத் தவழ ஆரம்பித்தாள்.

"இன்னா பண்றே?"

"பொட்டி ஒன் எடத்துல ஒக்காந்தா, எங்க நல்லா கேக்குதோ அங்க பொட்டிய வெச்சிடணும். அப்பால நீ ஒன் எடத்துல ஒக்காரலாம்."

இதை யாரோ அவளுக்குத் தவழ்ந்து காட்டியிருக்க வேண்டும். இந்த அறையிலா, கம்பெனியிலா? பீரோ பக்கத்தில் வந்ததும் தவழ்வதை நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். அப்படி அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"இங்கதான்னு நெனைக்கிறேன். நீயும் வந்து கேளு மாமா."

லுங்கியை மடித்துக்கொண்டு முட்டி போட்டேன். அவள் பக்கத்தில் காதை வைத்தேன். முழக்கம் வந்துகொண்டுதான் இருந்தது. அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் நாற்காலியில், சந்தனப் பொட்டு காய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்த பொட்டி, எங்கள் இருவரையும் பார்த்து முழங்கிக்கொண்டிருந்தது.