யாரெல்லாம் அழைத்துப் போகலாம்

கேட்டம்மா சொன்னது சோடாப்புட்டிக்கு முதலில் காதில் ஏறவில்லை. காதில் ஏறிய பிறகும் மண்டையில் ஏறவில்லை.

"உங்க பேர் இதுல இல்லையே சார்" என்றாள் அவள் மறுபடியும்.

கேட்டம்மா என்பவள் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பவள். மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக யார் வந்தாலும், மடியில் இருக்கும் டேப்லெட்டில் அந்தப் பிள்ளையின் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். வந்தவர் பெயர் அதில் இருந்தால் கதவு திறக்கும். இல்லையென்றால் பெற்ற தகப்பனே ஆனாலும் வெளியில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது காப்பகத்தின் மேனேஜர் அம்மா. அதை டேப்லெட்டுக்குள் ஏற்றிக் கொடுத்தது சாட்சாத் சோடாப்புட்டியேதான். தன் அக்கா மகள் வாண்டு இருக்கிற இடமாயிற்றே என்று, கம்பெனி வேலை போக மிச்ச நேரத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான். தடித்த கண்ணாடிக்காகப் பள்ளிக்கூடத்தில் விழுந்த பெயர் ஆபீஸ்வரை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவனைத் தம்பி என்று கூப்பிட உலகத்தில் அக்கா ஒருத்திதான் இருக்கிறாள்.

கேட்டம்மா டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். வாண்டின் படம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே 'அழைத்துப் போகலாம்' என்ற தலைப்பு. தலைப்புக்குக் கீழே அக்கா பெயரும் அத்தான் பெயரும் இருந்தன. மூன்றாவதாக எப்போதும் இருக்கும் அவன் பெயரைக் காணோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். கண்ணாடி என்ன செய்யும், பாவம்.

கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாண்டு பையை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, தயாராக நின்றாள். மாமா ஏன் வெளியிலேயே நிற்கிறான் என்று அவளுக்கும் புரியவில்லை. அவளைக் கையில் பிடித்துக்கொண்டு, வழியில் நிற்கிற ஒவ்வொரு நாய்க்கும் வணக்கம் சொல்லி, அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் அவன் நாளிலேயே நல்ல பொழுது. மற்றதெல்லாம் வயிற்றுப்பாடு.

கேட்டம்மா நல்லவள், ஆனால் சட்டம் என்றால் சட்டம். அத்தானுக்குப் போன் போட்டாள். அத்தான் ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் ஊசலாட ஓடி வந்தார். வாசலில் மைத்துனனைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரியாகப் போனது.

"நீ எதுக்குப்பா வந்தே?" என்றார்.

அத்தான் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சங்கடம் இருந்தது. அதுதான் அவனைச் சுட்டது.

காரணம் என்னவென்று அவனுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தான். போன வெள்ளிக்கிழமை அவன் வாண்டைக் கூப்பிட வரத் தாமதமாகிவிட்டது. கொஞ்ச நஞ்சத் தாமதமில்லை. எல்லாப் பிள்ளைகளும் போய், விளக்கையெல்லாம் அணைத்த பிறகு, கேட்டம்மாவின் நாற்காலியில் வாண்டு தனியாக உட்கார்ந்து அழுது தூங்கியே போனாள். அன்று அக்கா வீட்டுக் கூடத்தில் பெரிய ரகளை. "உன்னை நம்பிப் பிள்ளையை விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அக்கா கத்தினாள். அந்த வார்த்தை ஒரு எழுத்து பிசகாமல் அவன் நெஞ்சில் தைத்துக்கொண்டு நின்றது.

ஆனாலும் ஒன்று இடித்தது. அக்கா வாயாடி. திட்டினால் தெருவுக்கே கேட்கும். திட்டி முடித்ததும் டீ போட்டுக் கொடுப்பாள். ஓசைப்படாமல் ஒருத்தனை வெட்டிவிடுகிற குணம் அவளுக்குக் கிடையாது. கிடையாது என்றால் பெயரை எடுத்தது யார்? பூதமா?

அறைக்குப் போனதும் முதல் வேலையாக லேப்டாப்பைத் திறந்தான். ஒரு பக்கத்தைக் கடைசியாகத் திருத்தியது யார் என்று எழுதி வைக்கும் ஏற்பாட்டையும் அவன்தான் செய்திருந்தான். கெட்டிக்காரன் அல்லவா. வாண்டின் பக்கத்தைக் கடைசியாகத் திருத்தியது அக்கா. சண்டைக்கு மறுநாள் காலையில். புரோகிராம் பொய் சொல்லாது என்பது அவன் தொழிலில் சேர்ந்த நாள்முதல் அவனுக்கு இருந்த மூடநம்பிக்கை.

அப்புறம் அவன் காப்பகத்துப் பக்கமே போகவில்லை. அக்காவும் ஒரு போன் பண்ணவில்லை. கேட்டுவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம், கேட்டு அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்து வாயை அடைத்தது. கேட்காதவரைக்கும் பாதி உறவாவது மிச்சம் இருக்கிறதே என்று இருந்தான்.

அடுத்த வாரம் மேனேஜர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அந்த அம்மாள் எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர். அன்றைக்கு மூச்சு வாங்கியது. வேன் டிரைவர் வழக்கமாக ஏற்றிப்போகிற பிள்ளைகளில் சிலரைத்தான் டேப்லெட் விடுகிறதாம், மற்றவர்களை விடமாட்டேன் என்கிறதாம். இரட்டைப் பிள்ளைகளின் அப்பா வந்திருக்கிறார். மூத்தவனைக் கூட்டிப்போகலாம், இளையவனைக் கூடாது என்று வந்திருக்கிறது. ஒரே முகம், ஒரே சட்டை, ஒரே அப்பா. அந்த மனுஷன் வாசலில் நின்று, பெயரில் நான் கையே வைக்கவில்லை, இளையவனின் டாக்டர் நம்பரை மட்டும்தான் மாற்றினேன் என்று சத்தியம் பண்ணுகிறாராம்.

சோடாப்புட்டிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேன் டிரைவரிடம் யாருக்குக் கோபம்? இளையவனிடம் அப்பாவுக்கு என்ன பகை? அக்காவுக்கும் இரட்டையர் அப்பாவுக்கும் முகப்பழக்கம்கூடக் கிடையாது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தான். எதுவும் சிக்கவில்லை.

பேசாமல் காப்பகத்து ஆபீஸ் அறைக்கே போய், மேனேஜர் அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். ஏதாவது ஒரு பிள்ளையின் பக்கத்தை நீங்கள் வழக்கமாகத் திருத்துகிற மாதிரியே திருத்துங்கள், நான் சும்மா பார்க்கிறேன் என்றான். அவர் ஒரு பிள்ளையைத் திறந்தார். வீட்டு நம்பரை மாற்றினார். கீழே இறங்கினார். அங்கே அந்தக் காப்பகத்துக்கு வந்துபோகிற பெரியவர்கள் எல்லாருடைய பெயரும் வரிசையாக இருந்தது, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியோடு. ஒரு பிள்ளையைப் பல பேர் கூட்டிப்போகலாம், ஒருவரே பல பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்பதற்காக அவன் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. யாருக்கெல்லாம் அனுமதி உண்டோ அந்தப் பெட்டிகளில் டிக் இருக்க வேண்டும். ஒரு பெட்டியிலும் இல்லை. மேனேஜர் அம்மா அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்ச் 'சேமி' என்பதை அழுத்தினார்.

பெட்டியெல்லாம் காலியாக இருந்ததே, கவனிக்கவில்லையா என்று கேட்டான்.

"கவனிச்சேனே. நான் தொடலைன்னா பழசு அப்படியே இருக்கும்னு நினைச்சேன்" என்றார் அவர்.

மனுஷர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். புரோகிராம் மனுஷன் இல்லையே. சேமிக்கும்போது பழைய அனுமதிகளைத் துடைத்துவிட்டு, எந்தப் பெட்டியில் டிக் இருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொள் என்று அவன் அதற்குச் சொல்லியிருந்தான். காலியாக வந்தால் ஒருவருக்கும் அனுமதி இல்லை என்று அது எடுத்துக்கொண்டது. புதுப் பிள்ளையைச் சேர்க்கும் பக்கத்தில் பெட்டிகள் காலியாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தையே நகலெடுத்து, பெற்றோரும் வீட்டிலிருந்தே திருத்துகிற பக்கமாக மாற்றினானே, அங்கே ஏற்கனவே இருக்கும் பெயர்களுக்கு டிக் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. சோதித்துப் பார்த்தபோதெல்லாம் யாருக்கு டிக் வேண்டும் என்று அவனுக்கே தெரியுமாதலால், ஒவ்வொரு தடவையும் தன் கையாலேயே போட்டுச் சேமித்தான். எழுதியவனுக்கு மட்டும் சரியாக வேலை செய்கிற பக்கம்.

அதை அவசர அவசரமாக முடித்தது எந்த நாள் என்றும் நினைவுக்கு வந்தது. வாண்டு நாற்காலியில் தூங்கிப்போன அதே வெள்ளிக்கிழமை. இன்னும் ஒரு வரி, இன்னும் ஒரு வரி என்று உட்கார்ந்துதான் பிள்ளையைக் கோட்டை விட்டான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள யானையால்தான் முடியும் என்றில்லை.

ஆனால் அவனுக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. அக்கா எடுக்கவில்லை. அக்கா பாவம் ஏதோ செருப்பு அளவையோ டாக்டர் நம்பரையோ திருத்தியிருக்கிறாள், பக்கம் அவன் பெயரை விழுங்கிவிட்டது. அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து பக்கத்தைச் சரி பண்ணினான். திறக்கும் முன்பே பழைய அனுமதிகளைப் படித்து, அந்தந்தப் பெட்டியில் டிக்கைப் போட்டுவிட்டுக் காட்டும்படி நாலைந்து வரிதான். பிறகு அனுமதிகள் அழியும் முன்பே சேமித்து வைத்திருந்த பழைய பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு, அனுமதி பறிபோன பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தான். இரட்டையரில் இளையவனுக்கு அப்பா கிடைத்தார். வேன் டிரைவருக்கு அவர் பிள்ளைகள் கிடைத்தார்கள். மேனேஜர் அம்மா டீ வரவழைத்தார்.

கடைசியாக வாண்டின் பக்கத்துக்கு வந்தான். கை அப்படியே நின்றுவிட்டது.

மற்ற பிள்ளைகளின் பக்கத்தில் ஒருவர் பெயரும் மிஞ்சவில்லை. துடைத்து எடுத்த மாதிரி இருந்தது. வாண்டின் பக்கத்தில் மட்டும் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். பிழை ஆள் பார்த்து அழிக்காது. அழித்தால் மூன்று பேரையும் சேர்த்துத்தான் அழித்திருக்கும். காலிப் பெட்டிகளைப் பார்த்து, தன் பெயருக்கும் புருஷன் பெயருக்கும் அக்காவே கையால் டிக் போட்டிருக்கிறாள். தம்பியின் பெயரும் அதே வரிசையில் கண்ணுக்கு நேரே இருந்திருக்கிறது. போடவில்லை.

இப்போது என்னவென்று எடுத்துக்கொள்வது? புரோகிராம் எடுத்தது, அக்கா எடுக்கவில்லை. அக்கா எடுக்கவில்லை, ஆனால் போடவும் இல்லை. இரண்டும் ஒன்றா, வேறு வேறா? பழைய பிரதியில் மூன்று பெயரும் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் அவன் பெயர் வந்துவிடும், ஒருவரும் கேட்கப் போவதில்லை. விரல் அதன்மேல் போனது, திரும்பி வந்தது. டீ ஆறிப்போனது. இத்தனை நாள் வாயை அடைத்த பயத்தைவிட இந்தக் குழப்பம் பெரிதாக இருந்தது. நேராக அக்கா வீட்டுக்கு நடந்தான்.

அக்கா கட்டிலில் துணியைக் குவித்துப் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து அத்தானின் கெஞ்சலும் வாண்டின் கூச்சலும் தண்ணீர்ச் சத்தமும் வந்தன. தம்பியைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. கட்டிலில் இருந்த துணியைக் கொஞ்சம் நகர்த்தினாள். அவன் உட்கார்ந்தான். பெட்டிகள் காலியாக வந்த பிழையைச் சொன்னான். இரட்டையர் கதைக்கு அவள் சிரித்தேவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட்டான்.

"என் பெட்டியில மட்டும் ஏன்க்கா டிக் போடல?"

அவள் வாண்டின் சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நீதானே சொன்னே, இனிமே வேற ஆளைப் பாத்துக்கோன்னு."

சொன்னானா? கூடத்தில் அன்றைக்கு அவள் கத்தியது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. அதற்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று இத்தனை நாளில் ஒருமுறைகூட யோசித்துப் பார்க்கவில்லை. யோசித்தான். வாசல்படியில் நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குச் சளைக்காமல் கத்தியது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சொல்லியிருந்தான்.

"மறுநாள் காலையில அவரோட புது நம்பரைப் போடத்தான் திறந்தேன்" என்றாள் அக்கா. "ஒரு பேருக்கும் டிக் இல்ல. புதுப் பக்கம், நாமதான் போடணும் போலன்னு எனக்குப் போட்டேன், அவருக்குப் போட்டேன். உன் பேருக்கு வந்தேன். ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன்டா. ஏற்கனவே டிக் இருந்திருந்தா சத்தியமா நான் எடுத்திருக்க மாட்டேன். அது இல்லாதப்போ, நீ அப்படிச் சொல்லிட்டுப் போனப்புறம், போட எனக்குக் கை வரல."

அவனுக்குக் கண்ணாடி மங்கலாகிவிட்டது. கழற்றித் துடைக்கத் தோன்றவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ பக்கங்களில் எத்தனையோ பெட்டிகளை வைத்திருக்கிறான். காலிப் பெட்டிக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்து தவிப்பாள் என்று எந்த நாளும் நினைத்ததில்லை.

"போன் பண்ணியிருக்கலாமே" என்றான்.

"நீ பண்ணியிருக்கலாமே" என்றாள் அவள்.

இருவரும் கொஞ்ச நேரம் துணி மடித்தார்கள். அவன் மடிக்கிற லட்சணத்தைப் பார்த்து அவள் அதைப் பிடுங்கித் தானே மடித்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பழையபடி கொடுத்துவிட்டேன், வாண்டுக்கு மட்டும் என் பெயரை நான் போடவில்லை என்று அவன் மெதுவாகச் சொன்னான். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து தன் போனை எடுத்து, வாண்டின் பக்கத்தைத் திறந்தாள். அவள் பெயருக்கும் அத்தான் பெயருக்கும் டிக் விழுந்து தயாராக வந்தது. தம்பி பெயருக்கு நேரே பெட்டி காலியாக இருந்தது.

"நாளைக்கு நேரத்துக்குப் போயிடுவியா?"

"போயிடுறேன்."

"பிள்ளை உக்காந்து அழக்கூடாது."

"அழமாட்டா."

டிக்கைப் போட்டாள். சேமித்தாள். அவன் சரி பண்ணிவிட்டேன் என்று சொல்லியும், நம்பாமல் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து, கீழேவரை இறங்கிப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.