அறுத்தெடுத்த கைப்பிடி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னது மெக்கானிக்கா, அவனுடைய அண்ணியா என்பதில் இப்போது எனக்கே சந்தேகம். இருவரும் வெவ்வேறு நாள்களில் சொன்னார்கள். இரண்டும் என் தலைக்குள் ஊறி ஒன்றாகிவிட்டன. அன்று மழை என்றான் மெக்கானிக். கண் கூசுகிற வெயில் என்றார் அண்ணி. நான் மேகமூட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். யாரிடமும் சண்டை வேண்டாம்.

என் ஸ்கூட்டரை அவன் பட்டறையில் விட்டுவிட்டுக் காத்திருந்தபோது கேட்டது. காத்திருப்பது எனக்குப் பிடிக்கும். அங்கே யாரும் நம்மைப் பேசச் சொல்ல மாட்டார்கள்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு ரகசியம் ஒளிந்திருக்கிறது, அது ஒருநாள்—’

வேண்டாம். வண்டிக்கு ஏது ரகசியம்? மெக்கானிக்குக்குத்தான் இருந்தது.

2

அண்ணி ஒரு நர்ஸ். வாரத்தில் ஒரு நாள் தன் பழைய ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போவார். பாதி வழிக்கு மேல் ரோடு கிடையாது. கல்லும் பள்ளமும்தான். ஜீப்பின் பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலை வண்டியின் உடம்போடு பிடித்து நிறுத்த இரண்டு இரும்புக் கைகள் உண்டு. இரண்டும் வெடிப்பு விட்டிருந்தன. அசல் கைகள் வந்து சேர இரண்டு மாதம் ஆகும்.

“உன்னால ஆகாததா தம்பி? அடுத்த வாரம் நான் போயாகணும். மேல ஊசி போட நாப்பது குழந்தைங்க காத்திருக்கு” என்றார் அண்ணி.

ஆகாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. விவசாயக் கருவிக் கடைக்குப் போய் மலிவாக இரண்டு டாப் லிங்க் வாங்கி வந்தான்.

(டிராக்டரையும் கலப்பையையும் மேல்பக்கம் இணைக்கும் கம்பி. இரண்டு முனையிலும் உருண்டை மூட்டு. நடுக்குழாயை ஒரு பக்கம் திருகினால் நீளும், மறுபக்கம் திருகினால் குறையும். திருக ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும். இதற்கு மேல் வாசகருக்கு எந்த மெக்கானிக் வேலையும் தெரிய வேண்டாம்.)

அளவு கச்சிதமாகப் பொருந்தியது. கைப்பிடிதான் துருத்திக்கொண்டு நின்றது. குனிந்து பார்க்கிற எவரும் ‘டிராக்டர் சாமான்’ என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு கைப்பிடிகளையும் அறுத்தான், தேய்த்தான், கறுப்புப் பெயிண்ட் அடித்தான்.

“புது பார்ட், அண்ணி.”

இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை தளர்கிறது. அண்ணியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் சிரித்துவிட்டு ஏறியிருப்பார். ஏன் மறைத்தான்? இரண்டு வாரம் யோசித்தேன். அந்த வீட்டில் ‘எதையும் சரி பண்ணிடுவான்’ என்று பெயர் எடுத்தவன் அவன். பெயர் எடுத்தவனின் பயம் பெயர் எடுக்காத நமக்குப் புரியாது என்பதுதான் கிடைத்த பதில். அதையே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

3

அண்ணி காலையில் கிளம்பிவிட்டார். பதினொன்றரைக்கு மெக்கானிக் போல்ட் வாங்க அதே கடைக்குப் போனான்.

“டாப் லிங்க் வேலைக்கு ஆச்சா?” என்றார் கடைக்காரர். “டிராக்டரே இல்லாத ஆளு ரெண்டு வாங்கிட்டுப் போனியே.”

“ஜீப்புக்கு. சூப்பரா உக்காந்துச்சு. கைப்பிடிதான் இடிச்சுது, அறுத்துட்டேன்.”

கடைக்காரர் எடை போடுவதை நிறுத்தினார்.

“அறுத்துட்டியா? அப்புறம் எதுல கட்டுன?”

“எதைக் கட்டணும்?”

“கைப்பிடியை ஒரு கம்பியால இழுத்துக் கட்டிவெப்பாங்கப்பா. இல்லாட்டி குலுங்குற குலுக்கல்ல குழாய் தானா சுத்திக்கும். நீண்டுக்கிட்டே போயி ஒரு கட்டத்துல மரை கழண்டு ரெண்டா வந்துரும்.”

“திருகறதுக்குத்தானே கைப்பிடி?”

“திருகாம இருக்கறதுக்கும் அதான்.”

“நான் மாட்டுறப்போ நல்லா இறுக்கமா இருந்துச்சே, மேல ஒரு நட்டு போட்டுப் பூட்டவே வேணாங்கற அளவுக்கு.”

“புது பெயிண்டோட இறுக்கம் அது. உதிர்ற வரைக்கும்தான்.”

வயலில் ஒருநாள் நின்றிருந்தால் அவனுக்கு இது தெரிந்திருக்கும். பட்டறையிலேயே வளர்ந்தவன். போல்ட்டைக் கல்லாமேலேயே விட்டுவிட்டு ஓடினான்.

4

மலையில் போன் எடுக்காது. பட்டறைக்குப் பக்கத்திலேயே அண்ணனுடைய தையல் கடை. இரண்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான், நாள் முழுக்க மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மெக்கானிக் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். டிராக்டர், கைப்பிடி, பெயிண்ட், பொய்.

முதல் வரைவில் அண்ணன் அறைந்தார். இரண்டாவதில் ‘அடப்பாவி’ என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: மிஷின் நின்றது. அண்ணன் ஊசிக்கு அடியிலிருந்து சட்டையை உருவி, மடித்து வைத்தார்.

“வண்டியை எடுடா.”

மோட்டார் சைக்கிளில் இருபத்திரண்டு கிலோமீட்டர். அண்ணன் பின்னால். ஒரு வார்த்தை இல்லை.*

* இந்த மௌனத்துக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். தம்பியின் தோளில் அண்ணன் கை வைத்திருந்தாரா, சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தாரா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். “கம்பியைத்தான்” என்றான். அந்த ஒரு சொல் போதும் என்று பக்கங்களைக் கிழித்தேன்.

5

ஒவ்வொரு வளைவிலும் மெக்கானிக் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். ஏழாவது வளைவில் உடைந்த செடிகள் தெரிந்தன, அவற்றுக்குக் கீழே—

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. அதை எழுதினால் கதை கனமாகும் என்று தெரியும். ஆனால் அண்ணி எனக்குக் காபி கொடுத்தவர்.

ஏழாவது வளைவில் ஒரு டிராக்டர் இறங்கி வந்துகொண்டிருந்தது, நடை வேகத்தில். அதன் பின்னால் அதே வேகத்தில் ஜீப். உள்ளே அண்ணி.

மெக்கானிக் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

“எங்க ரெண்டு பேரும் கடையைப் போட்டுட்டுக் கிளம்பிட்டீங்க?” என்றார் அண்ணி.

அண்ணன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சும்மா. காத்து வாங்க.”

டிராக்டர்காரர் இறங்கி வந்தார். “மெக்கானிக்கு யாருங்க?”

“நான்தான்.”

“டாப் லிங்க்கு போட்டதைக் குத்தம் சொல்லல. அது தாங்கும், நிதானமாப் போனா. கைப்பிடியை வெட்டுனது எந்தப் புண்ணியவான்?”

மெக்கானிக் தரையில் படுத்து அடியில் பார்த்தான். ஒவ்வொரு குழாயிலும் ஒரு பைப் ரெஞ்சு கவ்விக்கொண்டிருந்தது, அதை இழுத்து ஆக்சிலோடு முறுக்குக் கம்பியால் கட்டியிருந்தது. இடதுபக்கம் நாலு விரல் அளவு மரை வெளியே வந்திருந்தது. அதன்மேல் பெயிண்டே இல்லை.

“மேல ஏறி முடிக்கறப்பவே வண்டி நண்டு மாதிரி ஒருக்களிச்சுப் போச்சு” என்றார் அண்ணி. “ஆஸ்பத்திரி வாசல்ல இவர் பார்த்துட்டு, ‘ஜீப்புல எங்க வீட்டுச் சாமான் இருக்கே’ன்னாரு. புது பார்ட்டுன்னு சொன்னியே தம்பி?”

“புதுசுதான் அண்ணி.”

“எதுக்குப் புதுசு?”

அவன் எழுந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். அண்ணி அவனைப் பார்த்தார். பிறகு, “நாப்பதுக்கு முப்பத்தெட்டு வந்துச்சு. எல்லாருக்கும் போட்டாச்சு” என்று கியரைப் போட்டார்.

6

முடிவாக மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் அழுது மன்னிப்புக் கேட்கிறான். ஒன்றில் அண்ணி இனி அவன் பட்டறைப் பக்கமே போவதில்லை. மூன்றாவதை நானே மறந்துவிட்டேன். எதுவும் ஒட்டவில்லை. எழுதி முடித்ததும் எனக்கு வந்தது நிம்மதி மட்டும்தான், அது இலக்கியத்துக்கு உதவுமா என்று தெரியவில்லை. அன்று போல்ட் தீராமல் இருந்து, அவன் கடைக்கே போகாமல் இருந்து, அண்ணியும் பத்திரமாகத் திரும்பியிருந்தால், அவன் எப்போதாவது சொல்லியிருப்பானா? அதை அவனிடம் நான் கேட்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ, அதுவே இருக்கட்டும்.

மற்றபடி நடந்தவை இவை. டிராக்டர்காரருக்கு ரெஞ்சுகள் அடுத்த வாரமே போய்ச் சேர்ந்தன. அசல் கைகள் மூன்று மாதம் கழித்து வந்தன. வரும்வரை அண்ணி கெஞ்சிக் கேட்டு வாங்கிய ஆஸ்பத்திரி வேனில் போய்வந்தார். அண்ணன் இன்னும் பக்கத்துக் கடையில் தைக்கிறார். தம்பியிடம் பேசுகிறார், முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. என் ஸ்கூட்டர் சரியாகிவிட்டது. அண்ணி ஒவ்வொரு தடவையும் மலைக்குக் கிளம்பும் முன் ஒரு சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்க்கிறார். மெக்கானிக் டார்ச் பிடிக்கிறான்.